தொண்ணூற்றொன்பதரை சதவீதம்

ஜூன் 3, செவ்வாய்

ஒருவரும் நம்பமுடியாத கதை ஒன்றை இன்று முதல் இந்த நோட்டில் எழுதப்போகிறேன். என் ஸ்குரூடிரைவர் மீது சத்தியம்.

கதாநாயகன் நான். வயது ஐம்பத்தொன்று. தொழில் லிஃப்ட் பராமரிப்பு. இந்நகரத்தில் சரிபாதி ஜனங்கள் மேலே போவதும் கீழே வருவதும் என் தயவால்தான். நான் ஒரு நாள் லீவு போட்டால் ஊரே முழங்கால் வலியில் படுத்துவிடும். இப்பேர்ப்பட்டவன் கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டம் படிக்கிறேன். இரண்டு வருஷப் படிப்பை ஐந்தாவது வருஷமாக, ஆற அமர, ருசித்து.

இன்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். இந்த செமஸ்டரோடு என் பதிவு காலாவதி. அதற்குள் ஆய்வேட்டை முடித்து நேர்முகத் தேர்வில் தேறாவிட்டால், பாஸ் செய்த பாடங்கள் அத்தனையும் போச்சு. நீட்டிப்பு கிடையாது.

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். பிறகு எதற்கு அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்?

ஜூன் 5, வியாழன்

எனக்கு இப்போது வகுப்பே கிடையாது, ஆய்வேடு மட்டும்தான். ஆனாலும் பேராசிரியையைப் பார்க்கப் போகும் நாட்களில் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்க் காலி வகுப்பில் உட்கார்ந்துகொள்கிறேன். இரண்டாவது வரிசை, ஜன்னலோரம். பலகையில் யாரோ அழிக்காமல் விட்டுப்போன பாதிக் கணக்கு. ஓர் அம்புக்குறி எங்கோ கிளம்பிப் பாதியில் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது. இதைப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது?

இருபத்துமூன்று வயதில் எனக்கு இதே படிப்புக்கு இடம் கிடைத்தது. அப்பா படுத்த படுக்கையானார். நான் லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தேன். இதை வீட்டில் யாரும் நம்புவதில்லை. தப்பு என்னுடையதுதான். இடம் கிடைத்தது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். துணைவேந்தரே வாசலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு கதறினார் என்று சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

வெற்றி! பூமி ஒரு கணம் சுற்றுவதை நிறுத்திவிட்டு எனக்குக் கைதட்டியது.

என் ஆய்வு இதுதான்: லிஃப்ட் பழுதாகி நிற்பதற்கு முன்பே, அதன் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக் கம்ப்யூட்டர் எச்சரிக்க வேண்டும். நாற்பது லிஃப்ட்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். பாதி சீக்காளி, பாதி திடகாத்திரம். ஒவ்வொன்றின் சத்தத்தையும் அரைமணி நேரம் பதிவுசெய்து, பத்துப் பத்து வினாடியாக நறுக்கி, எல்லாத் துண்டுகளையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டு, முக்கால் பங்கைப் புரோகிராமுக்குப் பாடமாகக் கொடுத்தேன். கால் பங்கு பரீட்சைக்கு. எந்தத் துண்டு சீக்காளியுடையது என்று அது சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றொன்பதரை சதவீதம் சரி!

அக்கா மகள் வந்திருந்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பிறந்ததிலிருந்தே ராட்சசி என்றுதான் கூப்பிடுகிறேன். திரையை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"மாமா, இவ்ளோ வந்தா சந்தோஷப்படக் கூடாது. பயப்படணும்."

"பொறாமைடி உனக்கு. நம்ம வம்சத்துல அறிவு எங்கிட்ட வந்து தீர்ந்துபோச்சு, நீ என்ன பண்ணுவ?"

"ஆமா, அதான் அஞ்சு வருஷமா ஒரே கிளாஸ்ல உக்காந்திருக்கீங்க."

ஜூன் 19, வியாழன்

பேராசிரியை என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் அவரை மேடம் என்கிறேன், அவர் என்னை சார் என்கிறார். கதவருகே ‘நீங்க போங்க, நீங்க போங்க’ என்று இருவரும் நின்றே பாதி நேரம் போய்விடும். "ரொம்ப நல்லா வந்திருக்கு சார். எழுத ஆரம்பிங்க" என்றார். நேர்முகத் தேர்வு ஜூலை பதினொன்று.

ஜூன் 20

எனக்கு இது வேண்டும். இதை மட்டும் விளையாட்டாக எழுத வரவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

எட்டு மாடிக் கட்டடம், புதிதாக எங்கள் பராமரிப்புக்கு வந்தது. மொட்டைமாடி மெஷின் ரூமில் மோட்டார் மேல் கையை வைத்தேன். உள்ளங்கையிலேயே தெரிந்துவிட்டது, பேரிங் போய்விட்டது. இன்றோ நாளையோ நிற்கும்.

என் புரோகிராமுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போமே என்று சத்தத்தைப் பதிவுசெய்து கொடுத்தேன். பதில்: நலம். மறுபடி. நலம். மூன்றாம் தடவையும் பரம சௌக்கியம்!

லிஃப்ட்டை நிறுத்திப் பலகை மாட்டினேன். ஆறாவது மாடி அம்மாள் இரண்டு பைகளோடு வந்து சண்டைக்கு நின்றார். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு? நல்லா இருக்கிறதை ஏன்யா நிறுத்துறீங்க?"

என் லேப்டாப்பும் அதையேதான் சொல்கிறது அம்மா.

வேனில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த நாற்பது லிஃப்ட்டுகளையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் குரலை வைத்தே பேர் சொல்வேன். பேங்க் கட்டடத்து லிஃப்ட் கிளம்பும்போது இருமும். பல் டாக்டர் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் பெருமூச்சு விடும். புரோகிராமும் அதைத்தான் பண்ணியிருக்கு! நோயைக் கத்துக்கல, ஆளைக் கத்துக்கிச்சு. ஒரே லிஃப்ட்டோட துண்டுகளைப் பாடத்திலும் வெச்சு, பரீட்சையிலும் வெச்சேனே — என்ன மடத்தனம்! தெரிஞ்ச முகத்தைப் பார்த்து ‘இவன் சீக்காளிதானே’ன்னு அது மார்க் வாங்கியிருக்கு. புது முகம் வந்ததும் முழிக்குது.

பத்து நாள்தான் இருக்கு.

ஜூலை 2

ராட்சசிக்குப் போன் செய்தேன். கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. 

"சரி பண்ணினா நம்பர் விழும் மாமா. எவ்ளோன்னு தெரியாது. அப்படியே விட்டீங்கன்னா... யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. மேடமே பாக்கல."

"நீயாடி இதைச் சொல்ற?"

"உங்களுக்கு இதான் கடைசி சான்ஸ் மாமா. அதுக்காகத்தான் சொன்னேன்."

ஜூலை 3

காலையில் மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அம்பத்தோரு வருஷமா எத்தனை புளுகு விட்டிருப்பேன். யாருக்காவது ஒரு கெடுதல் வந்திருக்கா? இது ஒண்ணு கூடச் சேர்ந்தா என்ன?" என்றேன்.

"உங்க புளுகை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அதனால யாருக்கும் கெடுதல் இல்ல. இதை நம்புவாங்களேங்க."

கத்தியைக் கீழே வைக்கவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

இந்த முறை முப்பது லிஃப்ட்டுகளை மட்டும் பாடத்துக்குக் கொடுத்தேன். மிச்சம் பத்தின் குரலை அது கேட்டதே இல்லை. அந்தப் பத்தும்தான் பரீட்சை.

எழுபத்தொன்று.

ஜூலை 7

நான் சொன்னதைக் கேட்டுப் பேராசிரியை என் பழைய எண்ணைப் பேனாவால் அடித்தார். பிறகு, "நானும் கேட்டிருக்கணும் சார்" என்றார். "தேதியை மாத்த முடியாது. இதோட போனா பாஸ் ஆவீங்களான்னு என்னால சொல்ல முடியாது. போறீங்களா?"

"போறேன் மேடம்."

இன்று கதவருகே யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. சேர்ந்தே வெளியே வந்தோம்.

ஜூலை 11, வெள்ளி

மூன்று தேர்வாளர்கள். ஒவ்வொருவரும் ஏழடி உயரம். கண்ணிலிருந்து தீப்பொறி பறந்து என் ஆய்வேட்டின் ஓரம் கருகியது.

வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் பக்கங்களைப் புரட்டினார். "தொண்ணூத்தொன்பதரை வந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அது தப்புன்னும் நீங்களே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கீங்க. யாரும் கேக்கலையே, எதுக்கு?"

நல்ல பதிலாக நான்கு வைத்திருந்தேன். நான்கையும் விட்டுவிட்டேன். "அதை நம்பி யாராவது லிஃப்ட்டுல ஏறிடுவாங்க சார்" என்றேன்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார். முடிவைப் பிறகு சொல்வார்களாம். வரும் வழியில் என் வகுப்பறையை எட்டிப் பார்த்தேன். யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். என் இடத்தில் ஒரு பெண் தலையைச் சாய்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 17

பல்கலைக்கழக இணையதளத்தைப் பதினேழாயிரம் தடவை திறந்தேன். ‘பரிசீலனையில்’.

ஜூலை 25

பரிசீலனையில்.  நான் போனைக் கீழே வைக்கும்போதெல்லாம் மனைவி என் முகத்தைப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலைக்கு நடுவே, கிரீஸ் கையோடு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண். பதிவு எண்ணைக் கொடுத்ததும் ஒரு தாளை எடுத்துப் படித்தாள். "முதுநிலை, கணினி அறிவியல். பாஸ். பையனுக்கா சார், பொண்ணுக்கா?"

இந்த இடத்தில் கட்டடம் அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடிகள் தெறித்தன, நகரத்து லிஃப்ட்டுகள் அத்தனையும் மணியடித்துக்கொண்டு உச்சி மாடிக்குப் பறந்தன என்று எழுதத்தான் நோட்டைப் பிரித்தேன். எழுதியும்விட்டேன். வேண்டுமானால் நம்பாமல் இருந்துகொள்ளட்டும்.

ஆனால் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். ‘எனக்குத்தான்மா’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதல் தடவை சத்தம் வரவில்லை.