கூகைமலையில் இறங்காத கதிர்த்தட்டு

மழை பருவம் தவறாது பொழிக. கடல் தன் எல்லைக்குள் நிற்க. தென்கார் நாடாளும் மாமன்னர் பரிதிவேந்தரின் வெண்குடை நிழல் குறையாது பரவுக.

புறமலை நாட்டுக்குக் காவலரும், ஏழு கணவாய்களுக்கு உரியவரும், கொடுத்த சொல்லை ஒருநாளும் திரும்ப வாங்காதவருமான வேள் கடம்பனாரின் திருமுன், பத்து நாள் முன்புவரை பேரமைச்சனாக இருந்து இப்போது எதுவுமாக இல்லாத மருதவாணன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மலையும் சுனையும், மனையும் மக்களும், ஆவும் கன்றும் நலந்தானா என்று விரிவாகக் கேட்பதே முறை. கேட்டதாகக் கொள்க. ஓலை ஓடவேண்டிய தூரம் பெரிது. இருக்கும் பொழுது சிறிது.

சொல்லவந்தது கழுகுமேட்டு மாறாயி என்பவளைப் பற்றி. தலைநகர்த் துறைமுகம் கண்ணுக்குத் தெரியும் குன்றில் மஞ்சள் பயிரிட்டுப் பிழைக்கும் கைம்பெண் அவள். துறைமுகத்தில் மஞ்சள் என்ன விலைக்குப் போகிறது என்பதை மலையூர்கள் முன்பெல்லாம் வாங்க வரும் வணிகரின் வாயிலிருந்துதான் அறியும். அந்த வாய் ஆண்டு முழுதும் ஒரே பாட்டைத்தான் பாடும்: கப்பல் வரவில்லை, விலை விழுந்துவிட்டது, உங்கள் முகத்துக்காக வாங்குகிறோம். துறைமுகத்தில் பாய்மரங்கள் காடாக நிற்பதைத் தன் வயலிலிருந்தே பார்த்துக்கொண்டு மாறாயி அந்தப் பாட்டைக் கேட்பாள். கேட்டுக் கேட்டு வயிறெரிந்துதான் தன் ஊரோடு சேர்த்து மலையூர்கள் பதினொன்றுக்கும் நடந்தாள்.

வீட்டுக்கு ஒரு வெண்கலம் கேட்டாள். ஒருவர் விளக்குக் கொடுத்தார், ஒருவர் மாட்டுக் கழுத்து மணியை அவிழ்த்துக் கொடுத்தார், ஓர் ஊரில் உடைந்த கரண்டி மட்டுமே கிடைத்தது. அவற்றை உருக்கி, ஊருக்கு ஒன்றாகப் பதினோரு பெரிய தட்டுகள் வார்த்து, புளி போட்டுத் தேய்த்துக் குன்றுகளின் மேல் நிறுத்தினார்கள். வெயிலைப் பிடித்து நீளமாகவும் குறுகலாகவும் மின்னினால் அடுத்த குன்று படித்துக்கொள்ளும். துறைமுகத்துச் செய்தி இரண்டு நாழிகையில் தங்கள் நாட்டிலுள்ள கடைசி ஊரான கூகைமலையை எட்டியது. மின்னலின் குறிகளைக் கேட்டவர்க்கெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். ஊர்ச் சொத்தை ஒளித்து வைப்பானேன் என்பது மாறாயியின் கேள்வி.

அதன் பின் நடந்ததைத் தாங்களே அறிவீர்கள். உப்பளத்துக்குக் கூலியாய்ப் போனவர்கள் குடும்பத்தோடு திரும்பினார்கள். இஞ்சியை வாங்க ஆளில்லாமல் மாட்டுக்குப் போட்ட கூகைமலையில் வாரச் சந்தை கூடியது, தறிகள் வந்தன, மருத்துவர் வேளைக்கு வந்து சேர்ந்தார். தட்டு இல்லாத ஊரில் வாழ்க்கைப்பட மாட்டோம் என்று பெண்கள் முரண்டு பிடிக்கும் அளவுக்குப் போயிற்று. மாறாயியின் ஒரே மகள் அல்லி கூகைமலையில்தான் வாழ்க்கைப்பட்டாள். அவ்வூர்த் தட்டுக்கும் அவளே காவல். மருதவாணனோ அயல்நாட்டுத் தூதர்களை அழைத்துப்போய், தானே ஏதோ கரண்டி கொடுத்தவன்போல் அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டான்.

தட்டுக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. வந்த சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் அடுத்த ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும். கடைசி ஊர் "கண்டோம்" என்று மின்ன, அது ஊர் ஊராகத் திரும்பித் தலைமேடையான கழுகுமேட்டை அடைய, தலைமேடை "நலம்" என்று மறுமொழி சொல்லும். அந்த நலம் வந்து சேரும்வரை கடைசி ஊர் தட்டை இறக்கக்கூடாது. அந்தப் பழைய விலைப்பாட்டைப் பாடிவந்த ஐங்கோட்டை வணிகக் குழுவினர் ஒருமுறை ஆள்விட்டு, தட்டுகளை அரசர் தடுத்துவிட்டார் என்று ஊர் ஊராகப் பொய் பரப்பினார்கள். அதிலிருந்து எவர் வந்து எதைச் சொன்னாலும் தலைமேடையின் நலம் வராமல் இறக்குவதில்லை என்று கடைசி ஊரார் வெண்கலத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்துகொண்டார்கள்.

சென்ற திங்களில் இளவரசர் படையோடு மேற்குக் கணவாய்க்குப் புறப்பட்டார். மூவாயிரம் பேருக்குக் கணவாய் வழியிலுள்ள வேங்கைத்துறையில் அரிசி ஆயத்தமாக வேண்டும் என்று தட்டில் சொல்லுமாறு மருதவாணன் கழுகுமேட்டுக்குப் போய்ப் பணித்தான். மாறாயி தயங்கினாள். அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுகிறான்: "தட்டுக்கு நம்மாளு, எதிராளு தெரியாதுங்க. அந்தண்டை மலையில இருக்கிறவனும் பார்ப்பான். இதுக்கு மட்டும் ஆளை ஓடவிடுங்க சாமி." மருதவாணன் சிரித்தான். பகைவருக்கு மஞ்சள் விலை படிக்கத் தெரியுமா என்று கேட்டுத் தன் அமைச்சு முத்திரை மோதிரத்தைக் காட்டினான். அவள் கொடுத்தாள், அந்தண்டை மலையும் பார்த்தது. கணவாயிலிருந்து இளவரசரின் உடல்தான் திரும்பி வந்தது.

அவையில் வணிகக் குழு எழுந்து, தட்டுக்காரர்கள் நாட்டைக் காட்டிக்கொடுத்தார்கள் என்றது. மருதவாணன் வாய் திறக்கவில்லை. ஒருநாள் முழுதும் திறக்கவில்லை. மறுநாள் திறந்தான், தன் பிழை என்றான், மோதிரத்தையும் இழந்தான். மாமன்னர் அழுதபடியே அருளியது யாதெனில், சொல் எவருடையதாயினும் அது போன வழி அடைபட வேண்டும் என்பது. இனி மலையூர்களுக்கு விலை சொல்லும் உரிமை வணிகக் குழுவுக்கே என்று பட்டயமும் அன்றே எழுதப்பட்டது. அத்தனை விரைவாக எழுதப்பட்ட பட்டயத்தை மருதவாணன் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை.

தட்டுகளைப் பௌர்ணமிக்குள் உருக்க வேண்டும். அதன் பின்னும் தட்டு நிற்கும் ஊரின் நிலம் வணிகக் குழுவுக்கு, தட்டுக் காவலர் இரு கையும் வெட்டப்படும் என்பது ஆணை. அதைத் தட்டின் வழியே அனுப்புக, கொடுத்த கணமே ஒவ்வோர் ஊரும் இறக்குக என்றும் அதில் இருந்தது. குழுவின் எழுத்தன் எழுதிய வாசகம் அது. தட்டுக்காரர் முறை அவனுக்குத் தெரியாது. முறை தெரிந்த மருதவாணன் அவைவாயிலில் நின்று கேட்டும், இழந்த மோதிரத்தையே நினைத்துக்கொண்டிருந்தான்.

பிரதமையன்று மாறாயி அந்த ஆணையை ஒரு சொல்லும் குறைக்காமல் மின்னினாள். அடுத்த குன்று வாங்கியதும் வீரர்கள் தட்டைச் சாய்த்தார்கள். கண்டோம் இன்னும் வரவில்லை, நலம் சொல்லவில்லை என்று அவள் தட்டைக் கட்டிப்பிடித்துக் கதறியிருக்கிறாள். அரசாணைக்கு மறுமொழி தேவையில்லை என்றானாம் வீரர் தலைவன்.

பத்து ஊர்கள் கொடுத்த கணமே இறக்கிவிட்டன. கொடுக்க அடுத்த ஊர் இல்லாத கூகைமலை மட்டும் நலத்துக்குக் காத்து "கண்டோம், கண்டோம்" என்று வெயில் உள்ள பொழுதெல்லாம் மின்னிக்கொண்டிருக்கிறது. பத்தாம் ஊர்க்காரன் ஒருவன் பள்ளத்தாக்கைச் சுற்றிப்போய் நேரிலேயே சொல்லியும் அல்லி கேட்கவில்லை. இப்படித்தான் முன்பும் வந்து சொன்னார்கள் என்றாளாம். அவன் அங்கிருந்து இரவும் பகலும் ஓடி ஐந்தாம் நாள் கழுகுமேட்டை அடைந்தான். கேட்டதும் மாறாயி தலைநகருக்கு வந்து, ஒரே ஒரு சொல், ஒரே ஒரு முறை மின்னத் தட்டுகளை நிறுத்த விடுமாறு அரண்மனை வாயிலில் மூன்று நாள் கிடந்தாள். உள்ளே விடவில்லை. நான்காம் நாள் மருதவாணன் வீட்டுக்கு வந்தாள். அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். மகளுக்குச் சொல் போகவேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

இன்று வளர்பிறைப் பத்தாம் நாள். குழுவின் குதிரைவீரர் நேற்றே புறப்பட்டார்கள். ஊர் ஊராகத் தட்டு இறங்கியதைப் பார்த்துக்கொண்டே போய்ப் பௌர்ணமியன்று கூகைமலையில் இருப்பார்கள். மருதவாணனுக்கு இப்போது குதிரை கொடுப்பாரில்லை. ஓடிவந்தவனே கால் வீக்கத்தோடு இவ்வோலையைச் சுமக்கிறான். இம்முறை அவன் தங்களை அடைய ஏழு நாளாகும். தட்டு நின்றிருந்தால் இரண்டு நாழிகை. இந்தக் கணக்கை மாறாயியும் போட்டுப் பார்த்துவிட்டாள். போட்டபிறகும் எழுதுங்கள் என்றாள். வந்த சொல்லைக் கொடுத்துவிட வேண்டும் என்பதே அவர்கள் முறையாதலால் எழுதினான்.

ஆதலின் வேள் கடம்பனார் செய்யத்தக்கது: குதிரைவீரர் வழியில் எக்காரணத்தாலாவது தங்கிவிட்டிருந்தால், ஊர் எல்லையில் அவர்களை நிறுத்தி வைத்து, இத்துடன் வரும் வெண்கலத் துண்டை அல்லியிடம் காட்டுக. அது தலைமேடைத் தட்டின் விளிம்பு. மாறாயி உருக்கும் கொட்டிலிலிருந்து மடியில் மறைத்து எடுத்துவந்தது. தாயின் நகக்குறி அதில் உண்டு, மகளுக்குத் தெரியும். அதைக் கண்டால் தட்டை இறக்குவாள்.

அவர்கள் முந்திவிட்டிருந்தாலும் காட்டுக. அவளால் அதைக் கையில் வாங்க முடியாமற் போயிருந்தால் கண்ணெதிரே பிடித்து, தலைமேடை கண்டது, "நலம்" என்றது என்று சொல்லுக.

இவை மருதவாணன் எழுத்து. மோதிரம் இல்லாமையால் அவ்வெண்கலத் துண்டே மண்ணில் அழுத்தி முத்திரையாக இடப்பட்டது.