குரல்விழுங்கியை எத்தனை வயதில் பார்க்கலாம்

அன்புள்ள குருவிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் போன வாரம் போனில் பார்த்தபோது உன் கண்ணுக்குக் கீழே கருவளையம் தெரிந்தது, அதனால் நலமாக இரு என்று எழுதுகிறேன், இதை விசாரிப்பாக எடுத்துக்கொள்ளாதே, உத்தரவாக எடுத்துக்கொள். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை, மாடிப்படியில் மட்டும் ஏறக்கூடாது என்று புரிந்துகொண்டு ஸ்டூல், நாற்காலி, தண்ணீர்த் தொட்டி மூடி என்று மற்ற எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டிருக்கிறார். நம் வீட்டுப் பகல்நேரக் காப்பகத்தில் இப்போது பிள்ளைகள் கூட்டம் அதிகம், முன்னறையில் பாய் விரித்தால் செருப்பு வைக்க இடமில்லை, செருப்பு வைத்தால் எனக்கு நிற்க இடமில்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது கேட்பாய், புறப்பட்ட பேச்சு பாதி வழியிலேயே இறங்கிவிடும். நீ கேட்டதற்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா, நாங்க வரைஞ்ச கார்ட்டூன் தொடரை உன் காப்பகத்துப் பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டு, சின்னதுங்களுக்கு ஏத்ததா இல்லையான்னு சொல்லு, மக வரைஞ்சதுன்னு பூசி மெழுகாதே என்றாய். உங்கள் ஆபீஸில் ஐந்து வயது போதும் என்று ஒரு கட்சி, எட்டு வயதாவது ஆகட்டும் என்று ஒரு கட்சி, அடுத்த பாகம் எழுதுவதற்குள் ஒரு முடிவு வேண்டும் என்றும் சொன்னாய். நான் எந்தக் கட்சி என்று கடைசியில் சொல்கிறேன், நடுவில் தாவிப் படிக்காதே.

முதலில் நானும் அப்பாவும்தான் பார்த்தோம். பிள்ளைகளுக்குக் காட்டுவதை நான் பார்க்காமல் காட்ட மாட்டேன், அது உனக்கே தெரியும். பிள்ளைகள் போன பிறகு சாயங்காலம் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டோம். வானத்தில் மிதக்கிற தீவுகளும், காணாமல் போன அம்மாவைத் தேடிப் பறக்கும் படகில் போகிற அந்தப் பெண்ணும், அவளோடு வரும் ஒற்றைக்கொம்பு ஆடும், நம் மொழியில் பேசிக் கேட்கும்போது நன்றாகவே இருந்தது. அப்பாவுக்குத்தான் படகு ஓட்டுகிற விதம் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் பஸ் ஓட்டின மனுஷர் அல்லவா, மேகத்து வளைவுல இப்படியா ஒடிப்பாங்க, பின்னாடி ஆடு நிக்குதேங்கிற நினைப்பே இல்லையே என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் காலால் தரையை மிதித்து பிரேக் போட்டார். அப்புறம் நான் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் எனக்குத் தெரியாமல் இரண்டு பகுதி முன்னால் போய்விட்டார். கேட்டால், முன்னாடி ரோடு எப்படி இருக்குன்னு பார்த்து வச்சேன் என்கிறார். ஆட்டுக்கு அடிபடுகிற இடத்தில் மூக்கை உறிஞ்சியதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் பயந்தது எதற்குத் தெரியுமா, அந்த மூன்று தலைக் கழுகுக்கும் கத்திச் சண்டைக்கும் படகு உடைகிற புயலுக்கும்தான். பிள்ளைகளுக்குப் போட்ட அன்று திரையைப் பார்க்காமல் அதுகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கழுகு வந்ததும் ஒரே சிரிப்பு. எங்களிடம் ஒரு பயல் இருக்கிறான், எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்குவான், அதனால் அவனுக்கு வாத்தியார் என்று பெயர். தலை மூணு, வயிறு ஒண்ணுதானே, எது சாப்பிட்டாலும் அதே வயித்துக்குத்தானே போகும், அப்புறம் ஏன் இதுங்க சாப்பாட்டுக்குச் சண்டை போடுது என்று கேட்டான். நம் வீட்டில் நீயும் உன் அண்ணனும் போட்ட சண்டைக்கே எனக்குப் பதில் தெரியாது, இதற்கு எங்கே போவேன். புயலில் படகு உடைந்தபோது எல்லாரும் பாயைத் தூக்கிக்கொண்டு நாங்களும் மூழ்குகிறோம் என்று அறை முழுக்க உருண்டார்கள். அப்பாடா, நம் பெண் தப்பாக ஒன்றும் வரையவில்லை என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்து போயிற்று.

வெள்ளிக்கிழமைதான் குரல்விழுங்கி வந்தது. அதை வரைந்தது நீதான் என்று சொல்லியிருந்தாயே, உண்மையைச் சொல்கிறேன், தேங்கிக் கிடக்கிற தண்ணீர் சத்தமில்லாமல் எழுந்து நிற்கிற அந்த இடத்தை முதலில் நாங்கள் பார்த்தபோதே எனக்குக் கை தட்டத் தோன்றியது. பல் இல்லை, நகம் இல்லை, கண்கூட இல்லை, இதற்கு யார் பயப்படப் போகிறார்கள் என்று நினைத்தேன். அது ஒரு சங்குக்குள்ளிருந்த அம்மாவின் குரலை விழுங்கிவிட்டு, வா கண்ணு, அம்மா இங்கேதான் இருக்கேன் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டதும், அவள் படகிலிருந்து குதித்ததும், தொடரும் என்று போட்டு முடித்துவிட்டார்கள். அறையில் ஈ பறந்தால் கேட்கும். பிள்ளைகள் லயித்துப் பார்க்கிறார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். பிள்ளைகளோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் அந்த அமைதியை நான் தப்பாகத்தான் படித்தேன்.

காப்பகத்தில் பொத்தான் என்று ஒரு குட்டி, அவளைப் பற்றி உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. ஐந்து வயது. வந்த முதல் நாள் உன் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்தவள் சாயங்காலம் வரை விடவில்லை, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்பா வேறு ஊரில் வேலை, எப்போதாவதுதான் வருவார், வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். அன்றைக்கும் எப்போதும்போல நர்ஸ் வாசல் கேட்டில் நின்று, வா கண்ணு, அம்மா வந்துட்டேன் என்று கூப்பிட்டாள். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பொத்தான் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய் உன் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அது அம்மா இல்ல, அம்மா குரலு மட்டும்தான் என்றாள். நர்ஸ் முகத்தில் ஆஸ்பத்திரி மாஸ்க் இருந்தது, அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டுவிட்டது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு மகள் முகத்தைப் பார்க்க ஓடி வருகிறவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். கடைசியில் அப்பாதான் முழங்காலையும் பாராமல் பொத்தானைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீடு வரை கொண்டுபோய் விட்டார். நர்ஸ் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டியிருந்தாலும் தேவலை.

மறுநாளே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் விஷயம் பற்றிக்கொண்டது. வாத்தியாரின் அப்பா பேங்க் அதிகாரி, அவர் திங்கள் சாயங்காலம் எல்லாரும் கூட வேண்டும் என்று போட்டுவிட்டார். காப்பகத்தை மூட வேண்டி வருமோ என்று எனக்கு ஒரு பக்கம் கலக்கம், உன் பெயர் அடிபடுமே என்று இன்னொரு பக்கம். அப்பா, யார் வரைஞ்சதுன்னு நீயா போய் வாயைக் கொடுத்துடாதே என்று சொல்லி வைத்தார். அந்த இரண்டு நாளும் உனக்கு ஏன் போன் பேசவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். சளி என்று சொன்னது பொய்.

திங்கட்கிழமை வந்தவர்களுக்கு உட்கார பிள்ளைகளின் குட்டி நாற்காலிகள்தான் இருந்தன. பேங்க் அதிகாரி முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு, கார்ட்டூனே கூடாதுங்க, எல்லாத்தையும் நிறுத்திடுங்க, கதைப் புத்தகம் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்து நர்ஸ் பேசினாள். நான் பாத்ரூம்லேர்ந்து கூப்பிட்டாக்கூட கதவைத் தட்டி நீயா நீயான்னு கேக்கறா, நாள் பூரா அடுத்தவங்க பிள்ளைங்களைச் சமாதானம் பண்ணி ஊசி போடறேன், எம்பொண்ணே என்னைப் பார்த்துப் பயந்தா நான் எங்க போய் நிக்கறது என்றாள். அப்புறம், இதை எடுத்தவங்களுக்குப் பிள்ளைகுட்டியே இருக்காது என்றாள். அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஆமாம்மா, பிள்ளைகுட்டி இல்லை, வரைஞ்சது எம்பொண்ணுதான், சின்னதுங்களுக்கு ஏத்ததான்னு தனக்குத் தெரியாதுன்னுதான் என்கிட்டக் கேட்டா, எனக்குத் தெரியும்னு நினைச்சு நான் காட்டினேன் என்று சொல்லிவிட்டேன். நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், முதலில் எழுந்து போகப் போவது யார் என்று.

யாரும் எழவில்லை, அதனால் நானே மேலே பேசினேன். தொடரும் என்று போட்டால் பெரியவர்களுக்குத்தான் அது தொடரும், ஐந்து வயதுக்கு அது அப்படியே நின்றுவிடும், வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் நிறுத்தி பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினது என் தப்பு, அடுத்த பகுதியை இப்போது எல்லாரும் சேர்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றேன். பேங்க் அதிகாரி முடியாது என்று ஆரம்பித்தார். நர்ஸ்தான், போடுங்கம்மா, என் பிள்ளை மனசுல என்ன பூந்திருக்குன்னு நானும் பார்க்கறேன் என்றாள். பொத்தான் அம்மா மடிக்குப் போகவில்லை, என் மடியில்தான் இருந்தாள்.

மிச்சம் உனக்குத் தெரிந்ததுதான். தண்ணீருக்கு மேலே ஆட்டின் கொம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அந்தப் பெண், நீ அம்மான்னா என்னைத் திட்டு பார்க்கலாம் என்கிறாள். சங்கில் இருந்ததெல்லாம் கொஞ்சல் மட்டும்தானே, விழுங்கி கண்ணு என்கிறது, தங்கம் என்கிறது, ராஜாத்தி என்கிறது, திட்ட ஒரு வார்த்தை கிடைக்காமல் திணறித் திணறி வெறும் தண்ணீராகக் கொட்டிப் போகிறது. எல்லாரும் சிரித்தார்கள், பேங்க் அதிகாரி நாற்காலியோடு சாய்ந்தே விட்டார். பொத்தான் மட்டும் சிரிக்கவில்லை. என் மடியிலிருந்து இறங்கிப் போய் அவள் அம்மாவின் முன்னால் நின்று, திட்டு என்றாள்.

அந்த நர்ஸ் பிள்ளையை ஒரு சொல் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. கூட இருக்கிறதே கொஞ்ச நேரம், அதில் திட்ட வேறு செய்வதா என்று வருகிறபோதெல்லாம் பிஸ்கட்டும் முத்தமுமாகத்தான் வருவாள். உன்னை எதுக்குடி திட்டணும், நீ என் தங்கமாச்சே என்றாள். அதுதானே விழுங்கி சொன்னதும். பொத்தான் ஒரு அடி பின்னால் போனாள். பேங்க் அதிகாரி மெல்லக் குனிந்து, மேடம், திட்டுங்க மேடம் என்றார். நர்ஸ் மகளை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கிறது, தேடித் தேடிப் பார்க்கிறாள். அப்புறம், மூக்கைச் சட்டைக் கையில துடைக்காதேன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன், கழுதை, அந்தச் சட்டையை யாருடி துவைக்கறது என்று ஒரு போடு போட்டாள். பொத்தான் மரத்தில் ஏறுகிற மாதிரி அவள் மேல் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்பா டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனவர் வெகுநேரம் டீ போட்டார்.

ஆகவே என் தீர்ப்பைக் கேட்டுக்கொள். கழுகும் கத்தியும் புயலும் ஐந்து வயதுக்குத் தாராளமாகப் போகலாம், பிள்ளைகளுக்குப் பல்லும் நகமும் விளையாட்டுச் சாமான்தான். குரல்விழுங்கி வருகிற பகுதியை ஏழு வயதுக்குக் கீழே தனியாகக் காட்டாதே. அதையும் அடுத்ததையும் ஒட்டி ஒரே பகுதியாக்குங்கள், முடியாது என்றால் பெரியவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் இரண்டையும் காட்டுங்கள் என்று முன்னாலேயே எழுதிப் போடுங்கள். அம்மா குரலில் பொய் கலக்கிறது சின்ன விஷயம் இல்லை, ஒரு சாயங்காலம்கூட அதைப் பிள்ளை மனதில் திறந்து போட்டுவிட்டுப் போகக்கூடாது. இரண்டு கட்சிக்கும் பாதி பாதி என்று நினைக்காதே, நான் பொத்தான் கட்சி. உன் ஆபீஸில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், நீ சொல். உனக்கு வருத்தமாக இருக்குமோ என்று இந்த இடத்தை மூன்று தடவை அடித்து எழுதினேன். அவ்வளவு நன்றாக வரைந்ததால்தான் அவ்வளவு பயந்தாள், அதையும் சேர்த்துப் படித்துக்கொள்.

காப்பகத்திலிருந்து ஒரு பிள்ளையையும் யாரும் நிறுத்தவில்லை. பேங்க் அதிகாரி கதைப் புத்தகக் கட்சியிலிருந்து விலகிவிட்டார், மகனுக்குத் தெரியாமல் கடைசிப் பகுதி வரை பார்த்து முடித்துவிட்டதாக வாத்தியாரே வந்து கோள் சொன்னான். நர்ஸ் இப்போதெல்லாம் தெருமுனையில் வரும்போதே, ஏய் கழுதைக்குட்டி, கிளம்பு சீக்கிரம் என்று குரல் கொடுக்கிறாள், தெருவே திரும்பிப் பார்க்கிறது, பொத்தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

நேற்று மத்தியானம் எல்லாரும் தூங்கின பிறகு பொத்தான் மட்டும் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, அந்த விழுங்கியை யாருமே பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்களா, அதனாலதான் அடுத்தவங்க அம்மா குரலைத் திருடுச்சா என்று கேட்டாள். வரைந்தவளைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கும் கேட்பாள், விட மாட்டாள். வேளைக்குச் சாப்பிடு, அந்தத் திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். எந்தத் துணையும் உன்னை விட்டு அகலாமல், எடுத்த காரியம் எல்லாம் கூடி, நிறைந்த ஆயுளோடு நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொன்னார், ஆட்டுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றும் சொன்னார். மறக்காமல் அந்த விழுங்கிக்கு ஒரு பெயர் வை, அதன் அம்மா தூரத்திலிருந்து கூப்பிட்டாலும் அதன் காதில் விழுகிற மாதிரி ஒரு பெயர்.

என்றும் உன்
அம்மா