தோள் நன்றாகத்தான் இருக்கிறது

மார்ச் 4
காலைப் பயிற்சிக்கு அக்கா வரவில்லை. அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. பாட்மிண்டன் இரட்டையர் ஆட்டத்தில் ஆறு வருடமாக என் ஜோடி, அவ்வளவுதான் உறவு. தேடிப் போனால், உடை மாற்றும் அறையில் ஒரு காலில் மட்டும் ஷூவோடு உட்கார்ந்திருக்கிறாள். "இன்னொண்ணையும் மாட்டணும்னுதான் பாக்குறேன். கை வரமாட்டேங்குது" என்றாள். நான் மாட்டிவிட்டேன். அப்போதும் எழவில்லை.

மார்ச் 9
மனச்சோர்வு என்றார் டாக்டர். மாத்திரை, ஓய்வு. கோச் எங்களைத் தனியே கூப்பிட்டார். "தோள்பட்டை வலின்னு சொல்லிடலாம். விஷயம் வெளிய தெரிஞ்சா உன் கதை முடிஞ்சுதும்மா." கெட்டவர் இல்லை, பயந்தவர். நானும்தான்.

மார்ச் 10
நிருபர்கள் கூட்டம். கோச் "தோள்" என்று ஆரம்பித்ததுமே அக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தோள் நல்லாத்தான் இருக்கு. மனசுதான் சரியில்ல, வைத்தியம் பாத்துக்கறேன். சரியானதும் வரேன்." காப்பி வேண்டுமா என்று கேட்கிற குரல்! அவள் எத்தனையோ ஸ்மாஷ் அடித்துப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மார்ச் 11
ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாப்பாட்டு அறையில் ஒருத்தி, "தோத்துடுவோம்னு பயம், அதுக்கு ஒரு நோய்" என்றாள். விட்டேனா நான்? "முழங்கால் ஜவ்வு கிழிஞ்சு மாசக்கணக்கா படுத்திருந்தியே, அப்ப உன்னை யாராவது இப்படிக் கேட்டோமாடி?" தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 20
புது ஜோடியோடு ஜெயித்துவிட்டேன். சந்தோஷப்படலாமா — தெரியவில்லை. அக்காவிடமே போனில் கேட்டேன். "லூசு! ஜெயிச்சா சந்தோஷப்படணும்டி, இதுக்குமா நான் வந்து சொல்லித் தரணும்?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "இனிமே லூசுங்கற வார்த்தைய நான் மட்டும்தான் சொல்லலாம், ஆமா."

மே 2
பயிற்சிக்கு வந்தாள். கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். நாளையும் வருவாளாம்.

ஜூலை 15
மறுபடி நாங்கள் இருவரும். மூன்றாவது செட் வரை இழுத்துத் தோற்றோம். கைகுலுக்கும்போது எதிரணிப் பெண் ஒருத்தி அக்காவின் கையை விடவேயில்லை. காதருகே ஏதோ சொன்னாள்; "எனக்கும்" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. பிறகு இருவரும் காலியான பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அவள் அழுதுகொண்டே பேசினாள், அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே எங்கள் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கப் போனார். கோச் அவர் கையைப் பிடித்தார்.

"எஞ்சினை நிறுத்துப்பா. பேசி முடிச்சிட்டு வரட்டும்."