இடம் மாறிய பொட்டு

ஆஸ்பத்திரி, கீழ்த்தளம்
13.6.2004, ஞாயிறு காலை

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று மாடி ஏறினால் உங்களைப் பார்த்துவிடலாம். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் வார்டு ஆயா ஒச்சாயி அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு முன் உங்கள் தலையில் பத்துப் பொட்டு ஒட்டினார்களே, நாளை ஆபரேஷனில் மூளைக்குள் கட்டி இருக்கும் இடத்தை அவற்றை வைத்துத்தான் கம்ப்யூட்டர் டாக்டருக்குக் காட்டுமாம். தொடவே கூடாது என்றார்கள். நான் கேட்டேனா? எப்படியும் மழிக்கப்போகிற முடி, முருகனுக்குப் போகட்டும் என்று நேற்று இங்கே வந்து சேருமுன் திருப்பரங்குன்றத்தில் மொட்டை போட வைத்தேன். நாவிதர் பொட்டுகளை ஒதுக்கித்தான் மழித்தார். நான் தண்ணீர் ஊற்றும்போது காதுக்கு மேல் இருந்த பொட்டு கையோடு வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். துடைத்து, ஒரு குத்துமதிப்பாக ஒட்டிவிட்டேன்.

டாக்டரிடம் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும். நாலு மாதம் கெஞ்சி உங்களைச் சம்மதிக்க வைத்தேன், இனி சம்மதிப்பீர்களா? சொல்லாவிட்டால் கத்தி எங்கே போகும்? பயமாக இருக்கிறது மாமா.

உங்கள்
ஜெயக்கொடி

*

மூன்றாம் மாடி
ஞாயிறு மத்தியானம்

ஜெயக்கொடிக்கு,

அது கழன்றது எனக்குத் தெரியும். என் தலைதானே. நீ குத்துமதிப்பாக ஒட்டியதும் தெரியும்.

நான் ஏன் சொல்லவில்லை தெரியுமா? நாளை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அதைச் சொல்லி, கட்டின பெண்டாட்டி உன்மேலேயே பழியைப் போட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றிருந்தேன். அம்புட்டுப் பயம் எனக்கு. உன் கடிதத்தைப் படித்தபின் வெட்கமாகிவிட்டது. டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

திட்டினார். "பொட்டு தப்பா இருந்தா படமும் தப்பான எடத்தத்தான்யா காட்டும்" என்றார். சாயங்காலம் புதிதாகப் பொட்டு ஒட்டி, மறுபடி ஸ்கேன். ஆபரேஷன் நாளை காலையேதான். எனக்கு இனிச் சாக்கு இல்லை.

வாசல்வரை வா. நான் திரும்பிப் பார்த்தால் மட்டும் கூப்பிட்டுவிடாதே. கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

காளை

*

14.6.2004, திங்கள் பகல் மூன்று மணி

மாமா,

தியேட்டருக்குள் சீட்டெல்லாம் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று ஒச்சாயி அக்கா சொல்லிவிட்டார். ஆனாலும் எழுதுகிறேன். ஒரு மணிக்கு முடிந்துவிடும் என்றார்கள். கதவு இன்னும் திறக்கவில்லை. கேட்டால், உள்ளே படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்கிறார்கள், நேரமாகும் என்கிறார்கள்.

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். இரண்டு தடவை.

நான் கூப்பிடவில்லை. சரியாகத்தான் செய்தேனா மாமா?

ஜெயக்கொடி