சுகர்க்காரர்களும் சீமை உடையும்

ஜூன் 8, ஞாயிறு

எங்கள் கடலோசை கார்டனில் கடலும் தெரியாது, ஓசையும் கேட்காது. உப்பளத்துக் காற்று மட்டும் வந்து பைக்கைத் துருப்பிடிக்க வைக்கும். மனை விற்றவர்கள் நோட்டீஸில் ‘இயற்கைப் பகுதி’ என்று பச்சை அடித்துக் காட்டிய பின்பக்கத்துப் பள்ளம் முழுக்கச் சீமை உடை, அதாவது சீமைக்கருவேலம். முள்ளுக்குள் முள்.

இன்று அசோசியேஷன் கூட்டம். பள்ளத்தை மூடி, சிமெண்ட் தளம் போட்டுக் கார் நிறுத்தலாம் என்றார் செயலாளர் மகாராஜன் அண்ணாச்சி. அண்ணாச்சி சிமெண்ட் வியாபாரி. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்லுகிறது. ஊரிடம் சொன்னது நான்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான், என்னிடமும் கார் இருக்கிறதே. அப்போது எழுந்தாள் என் வீட்டுக்காரி ஜெஸ்மி. தெருத் தண்ணீர் வடிய இருக்கிற ஒரே இடம் அதுதான், மூடினால் மழைக்கு வீட்டுக்குள் நீந்த வேண்டியிருக்கும் என்றாள். முள்ளை ஒழிப்பது தன் பொறுப்பாம், டிசம்பர் வரை பொறுக்க வேண்டுமாம்.

“டிசம்பர்ல ஒரு முள்ளு நின்னாலும் சிமெண்ட்தான், தங்கச்சி” என்றார் அண்ணாச்சி.

‘தங்கச்சி’யின் புருஷன் நாற்காலியை லேசாகப் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

ஜூன் 21

கரிமூட்டம் போடுகிறவர்களைப் பேசி அழைத்துவந்துவிட்டாள். விறகு அவர்களுக்கு, பதிலுக்கு வேர்க்கட்டையையும் தோண்டி எடுக்க வேண்டும். தரையோடு வெட்டினால் ஒன்று நாலாகத் துளிர்க்குமாம். ஒவ்வொரு குழியையும் எட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த மரத்துக்கு விட்டாள். நான் குடை பிடித்தேன். எனக்கு.

ஜூலை 20, ஞாயிறு

முள் போய்விட்டது. பள்ளம் மொட்டை. இன்றைய கூட்டத்தின் கதாநாயகன் நான். ஜெஸ்மிக்கு லேபில் டூட்டி, அதனால் மேடை காலி. நான் ஓட்டப்பிடாரத்துக்காரன், எங்கள் கரிசலில் ஆட்டுக்கிடை போடாமல் விதைக்க மாட்டார்கள். இரவெல்லாம் ஆடுகளை நிலத்தில் அடைத்து வைத்தால் புழுக்கையே உரம். அதன் பிறகு கன்று நடலாம் என்று எடுத்துவிட்டேன். கைதட்டல். அண்ணாச்சிகூடத் தட்டினார். இந்த மூளையை ஷிப்பிங் ஆபீஸில் வீணாக்கிக்கொண்டிருக்கிறேனே என்று தோன்றியது.

அக்டோபர் 17

ஆகஸ்டில் கிடை போட்டாயிற்று. போன வாரம் மழை. இன்று பள்ளம் பச்சைப் பாய் விரித்ததுபோல் இருந்தது. ‘கிடையின் மகிமை’ என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஜெஸ்மி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“ஏங்க, இது புல்லு இல்ல. உடைக்கன்னு.”

ஆடுகள் கோடை முழுக்கச் சீமை உடை நெற்றைத் தின்றிருக்கின்றன. விதை செரிக்காமல் புழுக்கையோடு வந்து விழுந்திருக்கிறது. ஆக, முள்ளை உரம் போட்டு விதைத்தவன் — நான். என்ன மூளை இது? இதுக்குக் கைதட்டு வேற.

திட்டு என்றேன். “நேரமில்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

அக்டோபர் 18

டிசம்பர் வரை எதற்கு, இப்போதே மூடிவிடலாம் என்கிறார் அண்ணாச்சி. டிசம்பர் என்றால் டிசம்பர்தான் என்கிறாள் இவள். ஈரம் இருக்கும்வரை இரண்டு விரலால் பிடுங்கிவிடலாமாம். மண் காய்ந்தால் வேர் கீழே போய்விடும், இழுத்தால் அறுந்து மறுபடி துளிர்க்கும். சரி, இத்தனை விரலுக்கு எங்கே போவது?

அக்டோபர் 19, ஞாயிறு

என்ன மனுஷி இவள்!

ஜெஸ்மி வேலை செய்வது ரத்தப் பரிசோதனை லேபில். கார்டனில் யாருக்கு எவ்வளவு சுகர் என்பது அவளுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். அந்தச் சுகர்க்காரர்கள்தான் தினமும் காலையில் காம்பவுண்டைச் சுற்றி நடந்துவிட்டு, வாசல் டீக்கடையில் வடை தின்கிறவர்கள். (நானும் ஒருவன்.) இன்று அவள் வழியில் நின்று கூட்டத்தை அப்படியே பள்ளத்துக்குத் திருப்பினாள். நடந்தால் மட்டும் போதாது, குனியவும் வேண்டும் என்றாள்.

கஸ்டம்ஸில் ஓய்வு பெற்ற செல்வதுரை சார், தனக்கு இடுப்பு வலி என்றார்.

“அப்படியா சார்? அடுத்த டெஸ்டுக்கு எப்ப வாரீய?”

அவ்வளவுதான் கேட்டாள். பக்கத்தில் அவர் மனைவி. கையில் பாதி வடை. சார் குனிந்துவிட்டார்.

ஊர் ரத்தமே இவள் கையில் இருக்கிறது, ஒரு சொட்டு வெளியே வந்ததில்லை. என்னிடம் கொடுத்திருந்தால் சாயங்காலத்துக்குள் கீழவைப்பார் வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

அக்டோபர் 24

முதுகு. ஐயோ, முதுகு.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று முழுக்க விடாத மழை. அண்ணாச்சி வீடு இருப்பது தாழ்வான தெருவில். விடிந்தபோது தண்ணீர் அவர் வாசற்படியில் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து பள்ளத்துக்குள் இறங்க ஆரம்பித்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் வெகுநேரம் நின்றிருந்தார். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று போனேன். முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

“வடிஞ்சிட்டுடே” என்றார்.

அவர் மனைவி செல்லக்கனி மதினியும் ஜெஸ்மியும் சேற்றில் குனிந்து, ஈரம் போவதற்குள் கன்று பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார்.

டிசம்பர் 7, ஞாயிறு

கூட்டம். சிமெண்ட் விஷயத்தை யாரோ எடுத்தார்கள். “அடுத்ததுக்கு வாங்கப்பா” என்றார் அண்ணாச்சி.

ஜெஸ்மி வரவில்லை. லேபில் டூட்டி. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். “சரி” என்று சொல்லிவிட்டு, என் விரலைக் குத்திச் சுகர் பார்த்தாள். குறைந்திருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

காலை நடையில் ஒரு உடைக்கன்று கண்ணில் பட்டது. நான் குனிவதற்குள் அண்ணாச்சி காலைக் குறுக்கே வைத்துவிட்டார்.

“இது எனக்கு. நீ வேற பாரு.”

பள்ளம் முழுக்கத் தேடினேன். வேறு இல்லை.