தெருப்பக்கம் மாட்டாத பலகை

அக்கா,

பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. மத்திகிரியில், எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருக்கும் அரசாங்கப் பலகைக்குப் பின்னால், இன்று காலை பூனை ஒன்று மூன்று குட்டிகளை ஈன்றிருக்கிறது. தாயும் சேய்களும் நலம். இதற்கென நிதி எதுவும் ஒதுக்கப்படவில்லை. பயனாளிகளின் புகைப்படமும் எடுக்கப்படவில்லை.

குட்டிகளைப் பார்க்கத்தான் பலகையை நகர்த்தினேன். 'பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான உதவி மையம்' என்று நீல எழுத்து. அதற்குக் கீழே திட்டத்தின் பெயர், அதைவிடப் பெரிதாகத் துறையின் பெயர். பெயின்ட் கொஞ்சமும் மங்கவில்லை. வெயிலையே பார்க்காத பலகை எப்படி மங்கும்? உடனே நீங்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டீர்கள்.

நீங்கள் எங்கள் மாடியை வாடகைக்கு எடுத்தபோது நான் ஒன்பதாவது. மேலே என்ன ஆபீஸ் என்று தெருவே என்னைக் கேட்டது. பால்காரரிடம் இன்சூரன்ஸ் என்றேன். இஸ்திரி போடுகிறவரிடம் எம்ப்ராய்டரி கிளாஸ். எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் ஜாதகம் பார்க்கிறார்கள் என்று சொன்னதுதான் வினையாகிவிட்டது. மகளின் ஜாதகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அவர் மேலேயே ஏறிவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, நீங்கள் இறங்கிவந்து என் காதைப் பிடித்தீர்கள்.

"உனக்கு இப்ப என்ன தசை நடக்குது தெரியுமாடா? உதை தசை."

"சரிக்கா, வுடுக்கா! இனிமே எல்லார்கிட்டயும் உண்மையவே சொல்லிடறேன்."

காதை விட்டுவிட்டீர்கள்.

"வேணாம். எம்ப்ராய்டரியே இருக்கட்டும்."

ஏன் என்று மெல்ல மெல்லத்தான் புரிந்தது. கம்பெனி யூனிஃபார்மில், ஐ.டி. கார்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஹாஸ்டல் பெண்கள் வருவார்கள். நாட்றாம்பாளையம் பக்கமிருந்து ஓர் அம்மா, மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வருவார். சிலர் கன்னடத்தில் பேசுவார்கள், சிலர் தெலுங்கில், சிலர் ஒன்றுமே பேச மாட்டார்கள். யாராக இருந்தாலும் கேட்டில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் படியேறுவார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வண்டி, கோர்ட்டுக்கு வரும் வக்கீல், உங்கள் சம்பளம், எங்கள் வாடகை எல்லாமே அரசாங்க மானியத்தில்தான். 'கிராண்ட்' என்பீர்கள். பெயர்தான் கிராண்ட். அது வராத மாதங்களில் அந்தப் பெண்களோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போவீர்கள்.

அப்புறம் இந்தப் பலகை வந்தது. தெருவைப் பார்த்து மாட்டி, போட்டோ எடுத்து அனுப்பினால்தான் அடுத்த தவணை.

"ரூல்ஸ்மா. போர்டே இல்லாத சென்டருக்கு நான் எப்படி ரெக்கமண்ட் பண்றது?" என்றார் ஆய்வுக்கு வந்த அதிகாரி.

"போர்டு மாட்டினா சென்டர் இருக்கும் சார். வர்றவங்க இருக்க மாட்டாங்க."

"போர்டு இல்லன்னா மக்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன் நம்பரைப் போட்டு ஆஸ்பத்திரியில மாட்டுங்க, ஸ்டேஷன்ல மாட்டுங்க, பஸ் ஸ்டாண்டுல மாட்டுங்க. அவங்க ஏறுற படிக்கட்டுல மட்டும் மாட்டாதீங்க."

அவர் போனதும் பலகையைத் திருப்பி வைத்தீர்கள். தவணை நின்றது. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினீர்கள். அவர்கள் சலித்துப்போய்த்தான் பணத்தை அனுப்பியிருக்க வேண்டும். நீங்கள் சலிக்கவில்லை.

இந்த வருஷம் பொங்கலுக்கு உங்கள் சொந்த ஊரான பாரூர் போனீர்கள். காய்ச்சல் என்று படுத்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் அக்கா வேலைக்குப் புதுசு. அது தெரிந்தோ என்னவோ, போன வாரம் அதே அதிகாரி டிரில்லிங் மெஷின்காரரோடு ஜீப்பில் வந்து இறங்கினார். "அந்தம்மா மாதிரி நீங்களும் பிடிவாதம் பிடிக்காதீங்க. இன்னைக்கு மாட்டலன்னா இந்த வருஷ கிராண்ட் கிடையாது." புது அக்கா மாடிப்படியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு பெண் இருந்தாள். முதல் தடவை வந்தவள். கேட்டில் இத்தனை பேர் நின்றால் அவள் எப்படி இறங்கிப் போவாள்? நாளைக்கு எப்படித் திரும்பி வருவாள்? டிரில் சுவரைத் தொட்டது.

நான் விடுவேனா? கேட்டுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"இந்தா சார், செவுரு எங்க வூட்டுது. ஓட்ட போட்டா நீயா வந்து பூசுவ? உன் ரூல்ஸ ஃபைல்ல எழுதிக்க, எங்க செவுத்துல எழுதாத. ஓனருக்குச் சம்மதம் இல்லன்னு எழுதித் தர்றேன், எடுத்துக்கினு போ. அதுக்காவ இவங்க பணத்த நிறுத்தினீன்னா, திங்கக்கெழம மனு நாளுக்கு இந்தத் தெருவையே கலெக்டர் ஆபீஸுக்குக் கூட்டியாந்து நிறுத்துவேன்!"

டிரில் நின்றது. 'வீட்டு உரிமையாளர் மறுப்பு' என்று எழுதிக்கொண்டு அதிகாரி கிளம்பினார். ஜீப் திரும்பிப் போய் வெகுநேரம் கழித்து அந்தப் பெண் இறங்கி, முகத்தை மூடிக்கொள்ளாமல் நடந்து போனாள். தவணை இன்னும் வரவில்லை. வரும்வரை எழுதுவோம். உங்கள் பழைய கடிதங்களைப் பார்த்துப் பார்த்து, புது அக்கா முதல் கடிதத்தை அனுப்பிவிட்டார்.

இதுவரை எழுதியதில் ஒரே ஒரு திருத்தம், அக்கா. கேட்டுக்குக் குறுக்கே நின்றது நான் இல்லை. அம்மா. 'ஊரு வாய்ல நாம ஏன் வுழணும், காலி பண்ணச் சொல்லு' என்று உங்கள் காலத்தில் அப்பாவை நச்சரித்த அதே அம்மா, கையெல்லாம் சப்பாத்தி மாவோடு. நான் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தேன். கத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

ஒருமுறை உங்களிடம், மாடிக்கு வரும் பெண்களைப் பற்றி, "ஏங்க்கா, அவங்க கத்தியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். இரண்டு நாள் நீங்கள் என்னோடு பேசவே இல்லை. என்னை யாரும் தொடக்கூட இல்லை அக்கா, வெளியே ஒரு ஜீப்பும் ஒரு டிரில்லும்தான். அதற்கே எனக்குக் குரல் போய்விட்டது. அந்தக் கேள்வியை இனி யாரிடமும் கேட்க மாட்டேன். கேட்கிறவனையும் சும்மா விட மாட்டேன். இதையாவது பாத்ரூமுக்கு வெளியே நின்று சொல்லப் பார்க்கிறேன்.