பலூன் கயிறு

சென்னப்பட்டணம், 1891 மாசி 12

பிரியமுள்ள சவரியம்மாளுக்குச் சின்னப்பன் எழுதுவது. மாதா கிருபையால் நான் சௌக்கியம். உன் கால் வீக்கம் வடிந்ததா? வயிற்றுப் பிள்ளை உதைக்கிறதா?

தோல் பதனிடும் ஷாப்பைவிட இங்கே பலூன் வேலை லேசு. குழியில் வைக்கோலைக் கொளுத்துவோம். புகை ஏறி, துணிப் பலூன் மாதா கோயில் உயரத்துக்கு உப்பி எழும். அது பறந்துவிடாமல் இருபது பேர் கயிறுகளைப் பிடித்திருப்போம். கீழே தொங்கும் கட்டையில் பலூன்கார வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்ததும் மேஸ்திரி குரல் கொடுப்பார். எல்லாரும் ஒரே நேரத்தில் விட வேண்டும். அப்புறம் காற்று போகிற பக்கம்தான் துரையும் போவார். மேலே போய்ப் பெரிய குடையை விரித்துக் குதிப்பார்.

நேற்று நான் மட்டும் விடவில்லை. கால் தரையை விட்டதே தெரியவில்லை. சத்தமெல்லாம் அடங்கி, தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ரயில் பாதை மேற்கே நீண்டு போவது தெரிந்தது. பிறகுதான் விட்டேன். மணலில் விழுந்ததால் முழங்காலில் சிராய்ப்பு மட்டும், பயப்படாதே.

"இன்னாடா, வுடுன்னா காதுல வுழல?" என்றார் மேஸ்திரி.

"ஈரத்தோல இழுத்துப் பிடிச்ச கை, மேஸ்திரி. சட்டுனு வுட வர்ல."

எல்லாரும் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை துரையோடு பலூனை எடுத்துக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறுகிறோம். அதற்குள் என் பழைய தலைத்துண்டை ரயிலில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பு. துவைக்காதே, தோல் ஷாப்பின் ஆவாரம்பட்டை வாசம் அப்படியே இருக்கட்டும்.

தபால் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். மேஸ்திரியிடம் சொன்னது பொய். அவர் குரல் நன்றாகவே கேட்டது. நேற்று கடற்காற்று நம் ஆம்பூர்ப் பக்கம் அடித்தது.

உன் சின்னப்பன்